ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முன் டி.டி.பி. கோப்புகளையும் தமிழ் எழுத்துருக்களையும் முழுமையாகக் காப்பது எப்படி?

கேள்வி: குடந்தை அச்சு

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய டி.டி.பி. நிலையம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர் ஆகியவைதாம் எங்கள் அன்றாட வேலை. கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் சி, டி, இ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ 280 ஜிபி அளவுக்குக் கோப்புகள் சேர்ந்துவிட்டன. அண்மைக் காலமாகக் கணினி மிகவும் மெதுவாக இயங்குகிறது, பெரிய கோரல்டிரா கோப்பைச் சேமிக்கும்போது சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.

வழக்கமாக வரும் சர்வீஸ்காரர் ஃபார்மட் செய்து விண்டோஸ் 10 ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். டி டிரைவைத் தொடமாட்டேன், டெஸ்க்டாப்பிலும் மை டாகுமெண்ட்ஸிலும் இருப்பவற்றை மட்டும் அங்கே நகர்த்தி வைத்தால் போதும் என்பது அவர் கருத்து. எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள், மூத்த மகளின் கல்யாணத்துக்குப் போட்ட அதே பத்திரிகை இளையவளுக்கும் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அதை எடுத்துக் கொடுக்க முடிவதுதான் எங்கள் தொழிலின் மதிப்பு.

பேஜ்மேக்கர், கோரல்டிரா, வேர்டு ஆகிய மூன்றிலும் கோப்புகள் உள்ளன. பாமினி, ஸ்ரீலிபி முதலிய பழைய எழுத்துருக்களே பெரும்பாலும் பயன்பட்டிருக்கின்றன. கடையின் வரவு செலவுக் கணக்கை என் மனைவி டேலியில் எழுதி வருகிறார். கோப்புகளைத் தவிர வேறு எவற்றை எடுத்து வைக்க வேண்டும்? டி டிரைவில் வைப்பது போதுமா? 64 ஜிபி பென் டிரைவில் பாதிக்கு மேல் இடம் இருந்தும், 6 ஜிபி அளவுள்ள கும்பாபிஷேக வீடியோ ஒன்றை அது ஏற்க மறுக்கிறது. அதற்கு என்ன காரணம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வைகைக்கரை

வணக்கம் ஐயா. மதுரையில் கணினி பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். டி டிரைவில் வைப்பதைத் தயவுசெய்து பேக்கப் என்று எண்ண வேண்டாம். சி, டி, இ மூன்றும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பிரிவுகள் என்பதால், டிஸ்க் பழுதானால் மூன்றும் ஒன்றாகவே போய்விடும். இன்னோர் ஆபத்தும் உண்டு. விண்டோஸை நிறுவும்போது வரும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் காட்டப்படுவதில்லை. டிரைவ் 0, பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்களும் அளவுகளுமாகத் தெரியும். உங்கள் மூன்று பிரிவுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், அனுபவமுள்ளவருக்கும் அந்த இடத்தில் கை தவறலாம்.

ஆகவே என் உறுதியான பரிந்துரை, அந்த ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யவே வேண்டாம் என்பதுதான். புதிதாக ஓர் எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத, வேகமான சேமிப்பு டிஸ்க்) வாங்கி அதில் விண்டோஸை ஏற்றச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, கணினியில் என்னென்ன இருந்தனவோ அவை அப்படியே இருக்கும் நிலையில் பத்திரமாக வையுங்கள். மறந்துபோன ஒன்று ஆறு மாதம் கழித்து நினைவுக்கு வந்தாலும், யூஎஸ்பி கேஸ் ஒன்றில் பொருத்தி எடுத்துக்கொள்ளலாம். கணினியின் வேகமும் எஸ்எஸ்டியால்தான் கூடுமே தவிர, பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்வதால் கிடைக்கும் வேகம் நெடுநாள் நிற்காது. ஆனால் இப்படிச் செய்தாலும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பதைத் தவிர்க்கக் கூடாது, ஏனென்றால் கழற்றி வைத்த பழைய டிஸ்க் மறுமுறை இயங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஃபார்மட் ஆனாலும் ரெக்கவரி மென்பொருளால் எடுத்துவிடலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். குயிக் ஃபார்மட்டில் கோப்புகளின் பட்டியல் மட்டுமே புதிதாக எழுதப்படுவதால், பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் அது ஓரளவு நடந்ததுதான். ஆனால் விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதையும் சுழியங்களால் நிரப்பிவிடும். எஸ்எஸ்டியிலோ குயிக் ஃபார்மட் செய்தாலே டிரிம் என்னும் கட்டளை சென்று, பழைய தரவு பெரும்பாலும் மீட்க முடியாதபடி அழிந்துவிடும்.

பென் டிரைவ் வீடியோவை ஏற்காததற்குக் காரணம் இடப்பற்றாக்குறை அன்று. அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க இயலாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் ஏற்கும், ஆனால் மாற்றும்போது பென் டிரைவில் உள்ளவை அழியும் என்பதால் அவற்றை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். எப்படியானாலும் பென் டிரைவை ஒரே காப்பாக நம்ப வேண்டாம். 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று உங்கள் வேலைக்குப் போதும். உங்கள் கணினியில் யூஎஸ்பி 2.0 மட்டுமே இருந்தால் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் நகல் செல்லும். 280 ஜிபிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும், சிறு கோப்புகள் மிகுதியாக இருந்தால் இன்னும் கூடும். எனவே கடை மூடும் நேரத்தில் தொடங்குங்கள். கட் செய்யாமல் காப்பி மட்டும் செய்யுங்கள். நகல் முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பிராப்பர்ட்டீஸில் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் என்று இரண்டு அளவுகள் இருக்கும். இரண்டாவது அளவு டிஸ்க்குக்கு டிஸ்க் மாறுபடுவது இயல்பு, முதலாவதுதான் ஒத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் ஏற்றும் நேரத்தில் வெளி டிஸ்க்கைக் கணினியிலிருந்து கட்டாயம் பிரித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் சர்வீஸ்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், டிஸ்க்கின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்து இங்கே எழுதுங்கள். சேமிக்கும்போது நின்றுவிடுகிறது என்று நீங்கள் சொன்னது எனக்குக் கவலை தருகிறது.

பதில்: யாழ் எழுத்துரு

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நூல் வடிவமைப்புப் பணி செய்கிறேன். எங்கள் பக்கத்தில் பாமினியில் தட்டச்சு செய்த நூல்களும் மலர்களும் ஏராளம் என்பதால் உங்கள் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. வைகைக்கரை ஐயா டிஸ்க்கைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் உங்களைப் போன்றவர் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் பாதிதான் காப்பாற்றியவர் ஆவீர்கள் என்பதை வலியுறுத்தவே எழுதுகிறேன்.

உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழின் உயிரெழுத்துகள், மெய்யெழுத்து வரிசைகள், துணைக் குறிகள் ஆகியவற்றுக்குத் தமிழுக்கே உரிய தனிக் குறியெண்கள் உண்டு. பாமினி அப்படிப்பட்டதன்று. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கிய எழுத்துரு அது. கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கிலக் குறிகளே, எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத் தெரியும். புள்ளி வைத்த மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் பெரும்பாலும் ஓர் அரைப்புள்ளி நிற்கும். ஆகவே எழுத்துரு இல்லாத அந்தக் கோப்பை வாடிக்கையாளர் முன் திறந்தால், திறந்தும் பயனில்லை.

விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாக நகலெடுங்கள். தேவையானவற்றைப் பொறுக்கி எடுக்க முயல வேண்டாம், ஏனெனில் எழுத்துருவின் பெயரும் கோப்பின் பெயரும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். இணையத்தில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் உலவுகின்றன. எழுத்தின் அகலம் சிறிதளவு மாறினாலும் வரிகள் நகர்ந்து, இருநூறு பக்க மலரின் பக்க அமைப்பு முழுவதும் குலைந்துவிடும். உங்கள் கணினியில் இன்று இருக்கும் அதே கோப்புதான் உங்களுக்குத் தேவை. சி டிரைவில் பிஎஸ்ஃபாண்ட்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்கள் அங்கே இருக்கக்கூடும். அவற்றுக்கு பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று இரண்டு கோப்புகள் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று மட்டும் பயன்படாது. பின்னாளில் விண்டோஸ் 10-இல் எழுத்துருக்களை நிறுவும்போது 'எல்லாப் பயனர்களுக்கும்' என்ற வழியில் நிறுவுங்கள். இல்லையெனில் அவை உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் போய் அமர்ந்துகொள்ளும், அடுத்த முறை பேக்கப் எடுப்பவர் கண்ணில் படாது.

ஸ்ரீலிபி நிறுவல் குறுந்தட்டு, வரிசை எண், டாங்கிள் (மென்பொருள் இயங்குவதற்காகக் கணினியில் செருகும் சிறு கருவி) இருந்தால் அது, விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பு ஆகியவற்றையும் தேடி ஒரே இடத்தில் சேருங்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் இயங்கா என்பதால், மிகப் பழைய நிறுவிகள் புதிய கணினியில் வேலை செய்யாமல் போகலாம். இதை ஃபார்மட்டுக்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

அடுத்து, படங்கள். பேஜ்மேக்கரில் வைத்த பெரிய படங்கள் பெரும்பாலும் கோப்புக்குள் இருப்பதில்லை, படம் இருக்கும் இடத்துக்கான பாதை மட்டுமே இருக்கும். ஒரு மலரின் அட்டைப்படம் டெஸ்க்டாப்பிலும், நன்கொடையாளர் படங்கள் இ டிரைவிலும் இருந்தால், மலர்க் கோப்புறையை மட்டும் எடுத்தவர் அவற்றை இழப்பார். பேஜ்மேக்கரின் சேவ் ஆஸ் பெட்டியில், இணைக்கப்பட்ட எல்லாக் கோப்புகளையும் உடன் நகலெடுக்கும் வசதி இருக்கிறது. முக்கியமான மலர்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். கோரல்டிராவில் கலெக்ட் ஃபார் அவுட்புட் அதே வேலையைச் செய்யும். புதிய கணினியிலும் டிரைவ் எழுத்துகளைப் பழையபடியே அமைத்தால் இணைப்புகள் அறுபடாமல் இருக்க வாய்ப்பு மிகுதி.

கோரல்டிராவில் எழுத்துரு இல்லாத கோப்பைத் திறக்கும்போது, மாற்று எழுத்துருவைத் தற்காலிகமாக வைப்பதா நிரந்தரமாக வைப்பதா என்று கேட்கும். நிரந்தரம் என்று கொடுத்துச் சேமித்துவிட்டால் முதலில் எந்த எழுத்துரு இருந்தது என்ற தகவலே மறைந்துவிடும். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நகலெடுக்கும்போது விண்டோஸ் 7-இல் உள்ள ஜிப் வசதியை நாட வேண்டாம். தமிழில் பெயரிட்ட கோப்புகளை அது சுருக்க மறுக்கும். கோப்புறையை அப்படியே நகலெடுங்கள், சுருக்கியே ஆக வேண்டுமென்றால் 7-ஜிப் பயன்படுத்துங்கள். வெளி டிஸ்க்கில் கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழமாகப் போக வேண்டாம். முழுப் பாதை 260 எழுத்துகளை எட்டினால் எக்ஸ்ப்ளோரர் அக்கோப்பை விட்டுவிடும், நீளமான தமிழ்ப் பெயர்கள் உள்ள இடத்தில் அந்த எல்லை விரைவில் வந்துவிடுகிறது.

பதில்: பேரேடு

டேலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் மற்றவற்றை இருவரும் நன்றாக விளக்கிவிட்டார்கள். டேலி நிறுவப்பட்டிருக்கும் கோப்புறையும் கணக்குத் தரவு இருக்கும் கோப்புறையும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். டேலிப்ரைமில் தரவு இயல்பாக யூசர்ஸ் கோப்புறையின் கீழுள்ள பப்ளிக் பகுதியில் இருக்கும், பழைய பதிப்புகளில் வேறிடத்தில் இருக்கலாம். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் காட்டும் பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகள் இருக்கும், அவைதாம் உங்கள் கணக்கு. டேலிக்குள் இருக்கும் பேக்கப் வசதியால் ஒரு நகல், டேலியை மூடிவிட்டு அந்தத் தரவுக் கோப்புறையை நேரடியாக ஒரு நகல் என இரண்டும் எடுங்கள். தரவைப் பூட்டி வைக்கும் டேலிவால்ட் கடவுச்சொல் வைத்திருந்தால் அதை உங்கள் மனைவியார் தாளில் எழுதி வைக்கட்டும், அது மறந்துபோனால் தரவு கையில் இருந்தும் திறக்க வழியில்லை.

ஃபார்மட்டுக்கு முன், டேலி இயங்கும் நிலையிலேயே லைசென்ஸை சரண்டர் செய்து, அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிடுங்கள். பின்னர் புதிய நிறுவலில் அதைச் சிக்கலின்றி ஆக்டிவேட் செய்யலாம். ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல்லை உலாவி நினைவில் வைத்திருப்பதால் பலருக்கு அது தெரிவதே இல்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் புக்மார்க்குகளையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். கடவுச்சொற்கள் உள்ள அந்தக் கோப்பை எவரும் திறந்து படித்துவிட முடியும் என்பதால், சர்வீஸ்காரர் கையில் போகும் டிஸ்க்கில் அதை வைக்காதீர்கள்.

குடந்தை அச்சு

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் காஷன் என்று காட்டுகிறது. சி5 என்ற வரிசையில் பெண்டிங் செக்டார் எண்ணிக்கை சுழியமாக இல்லை. இந்த நிலையில் டிஸ்க்செக் ஓட்டிப் பிழைகளைச் சரிசெய்துவிட்டு நகலெடுக்கலாமா, அல்லது நேரடியாக நகலெடுக்கலாமா? பிஎஸ்ஃபாண்ட்ஸ் கோப்புறையும் இருக்கிறது, ஆனால் சில எழுத்துருக்களுக்கு பிஎஃப்எம் கோப்பு அந்தக் கோப்புறையில் இல்லை. பேஜ்மேக்கர் கோப்புகளை இனிப் புதிய மென்பொருளில் திறக்க வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: வைகைக்கரை

டிஸ்க்செக் வேண்டாம், டிஃப்ராக் வேண்டாம், புதிதாக எந்த வேலையையும் அந்த டிஸ்க்கில் செய்ய வேண்டாம் ஐயா. சி5 என்பது டிஸ்க் படிக்கத் திணறிய பகுதிகளின் எண்ணிக்கை. டிஸ்க்செக் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்து, கெட்ட பகுதிகளைத் திருத்துவதாகச் சொல்லிக் கோப்புகளின் அமைப்பையே மாற்றி எழுதும். தளர்ந்த டிஸ்க்குக்கு அந்தச் சுமையே கடைசிச் சுமையாகிவிடக்கூடும். நகல்தான் முதல் வேலை, அதையும் இன்றே தொடங்குங்கள்.

மொத்தமாக 280 ஜிபியையும் தேர்ந்தெடுத்து இழுக்காதீர்கள். டேலித் தரவு, ஃபாண்ட்ஸ், மலர்கள், அடிக்கடி கேட்கப்படும் அழைப்பிதழ்கள் என்று முக்கியத்துவத்தின் வரிசையில் எடுங்கள். வீடியோக்கள் கடைசியில் வரட்டும். ஏதேனும் ஒரு கோப்பில் நகல் நின்றால் அதை ஸ்கிப் செய்து பெயரை எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள், மீண்டும் மீண்டும் முயல வேண்டாம். டக் டக் என்று ஒலி வரத் தொடங்கினால் உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். அதன்பின் அது தரவு மீட்பு நிலையத்துக்குரிய வேலை.

நின்ற கோப்புகள் பல இருந்தால், லினக்ஸ் லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுக்கலாம். எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கடினமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும் வகையில் அது அமைந்திருக்கிறது. எதுவரை எடுத்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் நிறுத்தியும் தொடரலாம். ஆனால் எது மூல டிஸ்க், எது புதிய டிஸ்க் என்பதை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். பழக்கமில்லாதவர் தனியாகச் செய்ய வேண்டிய வேலை அன்று இது. இனி அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்து பயன்படுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை, எஸ்எஸ்டி வாங்கியே ஆக வேண்டும்.

பதில்: யாழ் எழுத்துரு

பிஎஃப்எம் கோப்புகள் பெரும்பாலும் பிஎஸ்ஃபாண்ட்ஸுக்கு உள்ளேயே பிஎஃப்எம் என்ற துணைக் கோப்புறையில் இருக்கும். எனவே மேற்கோப்புறையை முழுமையாக எடுத்தாலே போதும்.

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான 7.0, 2001-இல் வந்தது. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரையிலான கோப்புகளை, அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன, அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி, பழைய கணினி இயங்கும்போதே முக்கியமான மலர்களையும் அழைப்பிதழ்களையும் எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் ஆக்கி வைப்பதுதான். பிடிஎஃப்பைத் திறந்து, டாகுமெண்ட் பிராப்பர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பகுதியில் பாமினியின் பெயருக்கு அருகே எம்பெடட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோரல்டிரா வடிவமைப்புகளுக்கு, திருத்தக்கூடிய கோப்பு ஒன்றும் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக) மாற்றிய கோப்பு ஒன்றும் என இரண்டு வையுங்கள். ஆனால் வைகைக்கரை ஐயா சொன்னபடி, இந்த வேலைகளை இப்போதைய டிஸ்க்கில் செய்யாமல், முதலில் நகலை முடித்து, அந்த நகலை வேறொரு கணினியில் வைத்துச் செய்யுங்கள்.

அந்த வேறொரு கணினியே உங்களுக்குச் சோதனைக் களமாகவும் ஆகட்டும். நண்பரின் கடையில், உங்கள் எழுத்துருக்கள் இதுவரை ஏறாத கணினியாகப் பார்த்து, வெளி டிஸ்க்கிலிருந்து எழுத்துருக்களை நிறுவி, ஆண்டுக்கு ஒன்றாகச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். வேர்டில் அரைப்புள்ளிகளாகத் தெரியும் கோப்பு ஏதேனும் இருந்தால், அதன் மேல் கர்சரை வைத்ததும் எழுத்துருப் பெட்டியில் காணும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இன்னும் பழைய டிஸ்க்கில் எங்கோ இருக்கிறது, அதைத் தேடி எடுக்க இப்போது வாய்ப்பு உண்டு. வேர்டில் உள்ள பாமினி உரைகளை என்எச்எம் கன்வர்ட்டர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றும் பணியைப் புதிய கணினி வந்தபின் நிதானமாகச் செய்துகொள்ளலாம், மூலக் கோப்பை அழிக்காமல் மாற்றியதைத் தனிப் பெயரில் சேமித்தால் போதும்.